இன்றைய செய்திகளில் கடவுளின் கையை அடையாளம் காட்ட முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். "போர், பூகம்பம், கொள்ளைநோய், ஆட்சி மாற்றம் எல்லாவற்றிலும் கடவுள் செயல்படுகிறார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறீர்களே, அப்படியானால் எந்தச் சம்பவத்தில் அவர் என்ன செய்கிறார் என்று சொல்ல முடியுமா? சொல்ல முடியாது என்றால் அந்த நம்பிக்கையால் என்ன பயன்? ஜெபம் எதற்கு?"

என் பதில்: ஆம், கடவுள் சரித்திரத்தில் செயல்படுகிறார். இது கிறிஸ்தவ விசுவாசத்தின் ஓரத்தில் இருக்கிற விஷயம் இல்லை, நடுவில் இருக்கிற விஷயம். ஆனால் குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைக் காட்டி "இதை இன்னாருடைய பாவத்துக்காகக் கடவுள் செய்தார்" என்றோ, "இந்தத் தலைவரைக் கடவுளே எழுப்பினார்" என்றோ அறிவிக்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வது கஷ்டம்தான். ஆனாலும் வேதம் அப்படித்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுட்ட களிமண்ணால் ஆன ஒரு உருளை இருக்கிறது. பீப்பாய் வடிவம், ஒரு சாண் நீளம், சுமார் 22 சென்டிமீட்டர். சில பகுதிகள் உடைந்துபோயிருக்கின்றன. மேலே முழுக்க ஆப்பு வடிவ எழுத்து. 1879-ல் பாபிலோன் இடிபாடுகளில் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் தோண்டியபோது கிடைத்தது. பாரசீக ராஜா கோரேசு கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்ததைப் பற்றி அது பேசுகிறது. என்ன சொல்கிறது தெரியுமா? பாபிலோன் ராஜா நபோனிதஸ் தன் நகரத்தின் தெய்வமான மார்துக்கைக் கண்டுகொள்ளவில்லை. மார்துக் கோபப்பட்டு, நீதியுள்ள ஒரு ராஜாவைத் தேசம் தேசமாகத் தேடினார். கோரேசைக் கண்டு, அவர் கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்து, சண்டையில்லாமல் நகரத்துக்குள் கூட்டிவந்தார்.

இப்போது பைபிளில் ஏசாயா 45-ஐத் திறந்து பாருங்கள். அதே கோரேசு. அதே வெற்றி. கர்த்தர் அவனுடைய வலதுகையைப் பிடிக்கிறார், பெயர் சொல்லி அழைக்கிறார், "நான் அபிஷேகம்பண்ணினவன்" என்கிறார். அதோடு ஒரு வரியைச் சேர்க்கிறார்: "நீ என்னை அறியாதிருந்தும்." கோரேசுக்கு இஸ்ரவேலின் தேவனைத் தெரியாது. அந்த உருளையில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பாபிலோனில் அன்றைக்கு நின்று பார்த்த யாருக்கும் அது மார்துக்கின் வேலையாகத்தான் தெரிந்திருக்கும். அங்கே சிறைப்பட்டுக் கிடந்த ஒரு சின்ன ஜனக்கூட்டம் மட்டும் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டது. எப்படி? சம்பவத்தை உற்றுப் பார்த்ததால் இல்லை. தீர்க்கதரிசி மூலம் வந்த வார்த்தை அவர்களிடம் இருந்ததால்.

இதை நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சம்பவம் தானாகப் பேசாது. ஜெயித்தவர் பக்கம் கடவுள் இருக்கிறார் என்று யார் வேண்டுமானாலும் களிமண்ணில் எழுதி வைக்கலாம், எழுதியும் வைத்தார்கள். 2018-ல் இஸ்ரேலில் ஒரு அமைப்பு டொனால்ட் டிரம்ப் முகத்தையும் கோரேசு முகத்தையும் சேர்த்து ஒரு நாணயம் வெளியிட்டது. அமெரிக்காவில் பல போதகர்களும் அதே ஒப்பீட்டைச் செய்தார்கள். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு பேச்சு. ஆனால் ஏசாயாவுக்குக் கிடைத்த வார்த்தை நமக்கு யாரைப் பற்றியும் கிடைக்கவில்லை. கிடைத்ததுபோல் பேசுவது வேதத்தை உயர்த்துவதாகாது.

அப்புறம், வேதமே இந்த விஷயத்தில் நம்மை எளிதாகத் தப்பிக்க விடுவதில்லை. அசீரியாவைக் கர்த்தர் "என் கோபத்தின் கோல்" என்கிறார் (ஏசாயா 10). உடனே, அவன் அப்படி எண்ணுகிறதில்லை, அவன் மனதில் இருப்பதெல்லாம் அழிப்பதுதான் என்கிறார். கோலாகப் பயன்பட்டதால் அசீரியா தப்பவில்லை. அவன் அகந்தைக்கும் கணக்குக் கேட்கப்பட்டது. அதாவது கடவுள் ஒரு தேசத்தைப் பயன்படுத்துகிறார் என்பதற்கு, அந்தத் தேசம் செய்வது சரி என்று அர்த்தம் ஆகாது. இந்த ஒரு அதிகாரத்தை மட்டும் சபைகள் ஒழுங்காகப் படித்திருந்தால் எத்தனையோ போர்களுக்கு ஆசீர்வாதம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

யோசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். யூதாவின் ராஜாக்களில் அவனைப்போல் உத்தமன் வேறொருவன் இல்லை. தேவாலயத்தைச் சீர்ப்படுத்தினான், நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். கி.மு. 609-ல் மெகிதோவில் எகிப்து ராஜா நேகோ கையில் செத்தான். வயது நாற்பதைத் தொடவில்லை. அவன் தாத்தா மனாசே? சொந்தப் பிள்ளையைத் தீமிதிக்கப் பண்ணினவன், எருசலேமைக் குற்றமில்லாத ரத்தத்தால் நிரப்பினவன். அவன் ஆண்டது 55 வருஷம். ஆண்ட வருஷத்தை வைத்துக் கடவுளின் தயவைக் கணக்குப் போட்டால் மனாசே பரிசுத்தவான் ஆகிவிடுவான்.

பொய்த் தீர்க்கதரிசி என்றதும் நமக்கு ஏதோ மந்திரவாதி மாதிரி ஆள் ஞாபகம் வருகிறது. எரேமியா 28-ல் வருகிற அனனியா அப்படிப்பட்டவன் இல்லை. கர்த்தருடைய நாமத்தில், கர்த்தருடைய ஆலயத்தில், தேசபக்தியோடு பேசினான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான். கேட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியாகூட "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொல்கிறார். ஆனால் நடக்கப்போவது அது இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் 70 வருஷம் என்று இருந்தது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருந்தது. நம் காலத்திலும் நம் ஜனத்துக்குப் பிடித்ததை மட்டுமே கடவுள் பெயரால் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அனனியா ஞாபகம்தான் வருகிறது.

சரி, இயேசு என்ன சொன்னார்? அன்றைய நாட்டு நடப்பை அவரிடமே கொண்டுவந்து கேட்டிருக்கிறார்கள். லூக்கா 13-ன் தொடக்கத்தில் இரண்டு செய்திகள் வருகின்றன. ஒன்று அரசாங்கம் செய்த கொலை: பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டிப்போட்டான். இன்னொன்று விபத்து: சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்ற எண்ணம் கேட்டவர்கள் மனதில் இருந்தது. இயேசு இரண்டு தரமும் "அப்படியல்ல" என்று சொல்லிவிட்டு, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்றார். செத்தவர்கள் பக்கம் நீட்டியிருந்த விரலைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணமே சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சொல்லாமல் விட்டார். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

இப்படி விரல் நீட்டும் பழக்கத்தால் முதலில் அடிபட்டது கிறிஸ்தவர்களே. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார்: டைபர் நதி மதில்வரை ஏறினாலும் சரி, நைல் நதி வயல்வரை ஏறாவிட்டாலும் சரி, மழை நின்றாலும் பூமி அசைந்தாலும் பஞ்சம் வந்தாலும் கொள்ளைநோய் வந்தாலும், "கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு" என்று உடனே கூச்சல் கிளம்புகிறது. பழைய தெய்வங்களை இவர்கள் விட்டுவிட்டார்கள், அதனால்தான் தெய்வங்களுக்குக் கோபம் என்பது ரோமர்களின் விளக்கம். அந்த விளக்கத்துக்காக ரத்தம் சிந்தியவர்களின் வாரிசுகள் நாம். அதே விளக்கத்தை நாமே அடுத்தவர்மேல் வைக்கும்போது கொஞ்சமாவது கூசவேண்டும்.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாக மாறினதும், செசரியாவின் பிஷப் யூசேபியஸ், அவருடைய ஆட்சியைக் கடவுளின் திட்டம் நிறைவேறியதாகவே புகழ்ந்து பேசினார். துன்புறுத்தலைக் கண்ணால் பார்த்தவர் அவர். நிம்மதி வந்த சந்தோஷத்தில் பேசியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நூறு வருஷம்கூட ஆகவில்லை. 410 ஆகஸ்டில் கோத்தியர்களின் தலைவன் அலாரிக்கின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. கிறிஸ்தவ ரோம் விழுந்துவிட்டதே, இப்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். வட ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்த அகஸ்டின் அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தார். 413-ல் தொடங்கி 426 வரை, 22 புத்தகங்கள். அதில் ஒரு இடத்தில் அவர் சொல்வது: அகஸ்துவுக்கு ஆட்சி கொடுத்த அதே கடவுள்தான் நீரோவுக்கும் கொடுத்தார். கிறிஸ்தவனான கான்ஸ்டன்டைனுக்குக் கொடுத்த அவரே, விசுவாசத்தை விட்டுப்போன ஜூலியனுக்கும் கொடுத்தார். காரணம் நமக்கு மறைந்திருக்கலாம், அதனால் அது அநியாயம் என்று ஆகாது. எந்த ராஜ்யத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வைத்துக் கடவுளை அளக்காதீர்கள் என்று பதின்மூன்று வருஷம் எழுதினார் மனுஷன்.

பூகம்பத்துக்கு வருவோம். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். காலை நேரம். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து ஆலயங்கள் நிரம்பியிருந்தன. பூமி குலுங்கியது, கூரைகள் ஜனங்கள்மேல் விழுந்தன, மெழுகுவர்த்தியும் அடுப்பும் சாய்ந்து ஊர் பற்றிக்கொண்டது, தப்பித்து ஆற்றோரம் ஓடினவர்களைக் கடல் வந்து எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் கப்ரியேல் மலாக்ரிதா என்ற இயேசுசபைக் குரு ஒரு துண்டுப் புத்தகம் போட்டார். இயற்கைக் காரணம் என்று பேசுவது தப்பு, லிஸ்பனின் பாவமே காரணம் என்றார். திருநாள் பூசையில் முழங்காலில் இருந்தவர்கள் அல்லவா நசுங்கிச் செத்தது? அந்தக் கேள்விக்கு அவர் விளக்கத்தில் இடம் இல்லை. மந்திரி பொம்பாலோ ஊர் ஊராகப் பங்குக் குருக்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்: எத்தனை நிமிஷம் ஆடியது, எத்தனை தரம் ஆடியது, கடல் முதலில் உள்வாங்கியதா, எத்தனை வீடு விழுந்தது? (பொம்பால் பிற்பாடு மலாக்ரிதாவை நடத்திய விதம் கொடூரம். 1761-ல் அந்தக் கிழவரைக் கொன்றே போட்டார்கள். அதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.) ஆனால் அந்த இரண்டு பேரில் உயிரோடு இருந்த ஜனங்களுக்கு உதவக்கூடிய கேள்வியைக் கேட்டவர் மந்திரிதான். கடவுள் படைத்த பூமி எப்படி இயங்குகிறது என்று விசாரிப்பது அவிசுவாசம் ஆகாது. இயற்கைக் காரணம் இருந்தால் அங்கே கடவுள் இல்லை என்பதும், கடவுள் இருந்தால் இயற்கைக் காரணம் இருக்கக்கூடாது என்பதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

இந்தச் சபலம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ளது என்று நினைக்கவேண்டாம். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்து பல ஆயிரம் பேர் செத்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். பூகம்பத்துக்குக் காரணம் பூமிக்குள்தான் இருக்கிறது என்றார். அதைவிடக் கூர்மையாக இன்னொன்றும் சொன்னார்: இந்த மாதிரி வாதம் உங்களைவிட உங்கள் எதிராளிகளுக்குத்தான் பொருந்தும், அவர்கள் உங்களைக் காரணம் காட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன் என்றார். தீண்டாமை பாவம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பாவம் என்று நிரூபிக்கப் பீகாரின் பிணங்கள் தேவையில்லை.

2004 டிசம்பர் 26-ம் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பேராலயம் தப்பியது என்று நன்றியோடு சொன்னார்கள். அந்த நன்றி உணர்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கடற்கரையில் நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் செத்தார்கள், மாதாவைப் பார்க்க வந்தவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல் சாவு. ஆலயம் தப்பியது கடவுள் கை என்றால் கடற்கரையில் நடந்தது யார் கை? இந்தக் கேள்வியைப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கேட்டால், உங்கள் விளக்கம் அவள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். அப்படிச் சொல்ல முடியாத விளக்கத்தைப் பிரசங்க பீடத்திலிருந்தும் சொல்லக்கூடாது.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் தப்பான விளக்கங்களையே காட்டினேன். சரியான முறையில் ஒரு சம்பவத்தை வேதத்தோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஜெர்மனியிலிருந்து.

1938 நவம்பர் 9 ராத்திரி ஜெர்மனி முழுக்க யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை உடைத்தார்கள், ஆட்களை இழுத்துக்கொண்டு போனார்கள். துரிங்கியாவின் லுத்தரன் பிஷப் மார்ட்டின் சாஸ்ஸே உடனே ஒரு துண்டுப் புத்தகம் வெளியிட்டார். லூத்தர் யூதர்களுக்கு விரோதமாக எழுதியவற்றைத் தொகுத்து, லூத்தரின் பிறந்தநாளான நவம்பர் 10 அன்று ஜெர்மனியில் ஜெப ஆலயங்கள் எரிகின்றன என்று முன்னுரையில் பெருமையோடு எழுதினார். அவருக்கு அந்தத் தேதிப் பொருத்தம் ஒரு அடையாளம்.

அதே சமயம், நாஜிகளை எதிர்த்த லுத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் தன் பைபிளில் சங்கீதம் 74-ஐத் திறந்தார். எட்டாம் வசனம்: "தேசத்திலுள்ள தேவனுடைய ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்துப்போட்டார்கள்." அதற்குக் கோடு போட்டு, பக்கத்தில் 9.11.38 என்று தேதி மட்டும் குறித்தார். வேறு வியாக்கியானம் எழுதவில்லை.

அந்தக் குறிப்பைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். போன்ஹோஃபரும் அன்றைய செய்தியை வேதத்தோடு சேர்த்துத்தான் படித்தார். ஆனால் கொளுத்தினவன் வாயில் வேத வசனத்தை வைக்கவில்லை. ஆலயங்களை இழந்தவர்களின் பிரார்த்தனையில் போய்ச் சேர்ந்துகொண்டார். யூதர்களின் ஜெப ஆலயங்களை "தேவனுடைய ஆலயங்கள்" என்று ஒத்துக்கொண்டார். அடுத்த வசனத்தையும் பாருங்கள். எங்களுக்கு இருந்த அடையாளங்களைக் காணோம், தீர்க்கதரிசியும் இல்லை, இது எதுவரைக்கும் என்று அறிகிறவனும் எங்களிடத்தில் இல்லை என்று சங்கீதக்காரன் புலம்புகிறான். தெரியவில்லை என்பதையே ஜெபமாக்குகிறது அந்தச் சங்கீதம். இதுவும் வேதம்தான். கடவுள் சரித்திரத்தை ஆளுகிறார் என்று நம்புகிறவன்தான் இப்படிக் கேட்கமுடியும். நம்பாதவன் யாரிடம் போய் "எதுவரைக்கும்" என்று கேட்பான்?

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1934 மே மாதக் கடைசியில், பார்மென் என்ற ஊரில் கூடிய சபையார் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். ஹிட்லர் வந்ததே கடவுள் ஜெர்மனிக்குக் கொடுத்த வெளிப்பாடு என்று சபைக்குள்ளேயே ஒரு பெரிய கூட்டம் பேசிக்கொண்டிருந்த நேரம். இறையியலாளர் கார்ல் பார்த் முக்கியமாக எழுதிய அந்த அறிக்கையின் முதல் தீர்மானம்: இயேசு கிறிஸ்துவே நாம் கேட்கவேண்டிய கடவுளின் ஒரே வார்த்தை. அவரைத் தவிர வேறு சம்பவங்களையும் சக்திகளையும் ஆட்களையும் கடவுளின் வெளிப்பாடாக ஏற்றுச் சபை பிரசங்கிக்கலாம் என்ற உபதேசத்தைத் தள்ளுகிறோம். சம்பவங்கள் என்று அதில் இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் பார்மென் அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் குறையைக் கார்ல் பார்த் அவர்களே பிற்பாடு ஒத்துக்கொண்டார். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஏன் கிறிஸ்து மட்டும்? இங்கேதான் கிறிஸ்தவப் பார்வையின் மையம் இருக்கிறது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த அந்த வெள்ளிக்கிழமை கொல்கொதாவில் நின்ற ஒருவர் நடப்பதைப் பார்த்துக் கடவுளின் சித்தத்தை ஊகித்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? இவன் கடவுளால் கைவிடப்பட்டவன், பிலாத்துவும் பிரதான ஆசாரியரும் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான். அங்கே நின்றவர்கள் சத்தமாகச் சொன்னதும் அதுதான். ஆனால் அப்போஸ்தலர் 4-ல் சபை ஜெபிக்கும்போது, ஏரோதும் பிலாத்துவும் புறஜாதியாரும் இஸ்ரவேல் ஜனங்களும் கூடிச் செய்தது கடவுளின் கரமும் ஆலோசனையும் முன்குறித்தது என்கிறார்கள். அதே சமயம் அது கொலைதான், குற்றம்தான். அதையும் குறைக்கவில்லை. உலகத்தில் நடந்தவற்றில் மிகக் கொடிய அநியாயத்துக்குள்ளேயே கடவுள் தம்முடைய மிகப் பெரிய காரியத்தைச் செய்தார் என்றால், வெளித்தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதற்கு நமக்கு என்ன தைரியம்? மறுபக்கம், எந்த அநியாயமும் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்ற நம்பிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. யோசேப்பு தன் சகோதரரிடம் சொன்னதும் இதே தொனிதான்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்." அதை அவர் குழியில் கிடந்தபோது சொல்லவில்லை, பல வருஷம் கழித்துச் சொன்னார். அதுவும் விற்கப்பட்டவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. விற்றவர்கள் அதைச் சொல்லியிருந்தால் கேட்கச் சகிக்காது.

கடவுள் தீமையை விரும்பினாரா, அனுமதித்தாரா என்று அடுத்து கேட்பீர்கள். கிறிஸ்தவர்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. வெறும் அனுமதி என்று சொல்வது போதாது என்றார் கால்வின். மனுஷனுக்குக் கொடுத்த சுதந்திரத்தைக் கடவுள் மதிக்கிறார், அதனால் அனுமதிக்கிறார் என்பது வெஸ்லி வழி வந்தவர்களின் நிலை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த இரண்டு மரபும் ஒரே சபைக்குள் வந்தன. இன்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், பிள்ளையை இழந்தவருக்கு "கர்த்தர் அனுமதித்தார்" என்பது "கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்பதைவிடப் பெரிய ஆறுதலாக இருப்பதாக நான் பார்த்ததில்லை.

கடைசி கால அடையாளங்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மத்தேயு 24-ல் இயேசு யுத்தச் செய்திகளைக் கேள்விப்படும்போது கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்றார். அதே அதிகாரத்தை வைத்துத்தான் ஜனங்களைக் கலங்க வைக்கிறார்கள். அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-ல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று காத்திருந்தார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் நியாயத்தீர்ப்பு நாள் 2011 மே 21 என்று ஊர் ஊராக விளம்பரப் பலகை வைத்தார், வேலையையும் சேமிப்பையும் விட்டவர்கள் உண்டு. நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று எழுதியிருக்கும்போது இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜெபம் எதற்கு என்று கேட்டீர்கள். அன்றைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982-லிருந்து திங்கட்கிழமை மாலைகளில் சமாதானத்துக்காக ஜெபித்துவந்தார்கள். சில நாள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். 1989 அக்டோபர் 9 அன்று ஊர்வலம் போகிறவர்களை அரசாங்கம் சுடும் என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. ஆலயத்தை நிரப்பிவைக்க ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். அவர்களும் உட்கார்ந்து மலைப்பிரசங்கத்தைக் கேட்டார்கள். அன்று ராத்திரி சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அங்கே ஜெபித்தவர்கள் இதைக் கடவுளின் செயல் என்று சொல்லி நன்றி செலுத்துகிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நன்றி சொல்வேன். ஆனால் அதே வருஷம் ஜூன் 4-ல் பெய்ஜிங்கில் மாணவர் போராட்டத்தை நசுக்க வந்த டாங்கிகள் நிற்கவில்லை. அங்கேயும் பிள்ளைகளுக்காகத் தாய்மார் அழுது வேண்டியிருப்பார்கள். ஆகவே லைப்சிக்கை ஒரு சூத்திரமாக்கி, இப்படி ஜெபித்தால் இப்படி நடக்கும் என்று விற்கமாட்டேன். நன்றி சொல்வதற்குச் சம்பவத்தின் முழுக் கணக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. கேட்பதற்கும் தேவையில்லை. எஸ்தர் புஸ்தகத்தில் கடவுளின் பெயரே வருவதில்லை. மொர்தெகாய் எஸ்தரிடம், நீ ராணியானது இப்படிப்பட்ட காலத்துக்காக இருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறார். எஸ்தர் மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு ராஜாவிடம் போனாள். அந்த "யாருக்குத் தெரியும்" அவளைத் தடுக்கவில்லை.

நடைமுறையில் என்ன செய்வது என்பதற்கு அப்போஸ்தலர் 11-ன் கடைசி வசனங்களைப் பாருங்கள். அந்தியோகியா சபைக்கு அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, உலகமெங்கும் பஞ்சம் வரப்போகிறது என்று ஆவியினாலே அறிவித்தார். ரோமச் சக்கரவர்த்தி கிலவுதியு ராயனின் நாட்களில் அது வந்தது. யூதேயாவில் அந்தப் பஞ்சம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று யூத சரித்திரக்காரர் ஜோசீபஸும் எழுதியிருக்கிறார். அதியபேனே நாட்டு ராணி எலேனா அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கி எருசலேமுக்குக் கொடுத்தாளாம். சரி, உண்மையான தீர்க்கதரிசனமே கைக்குக் கிடைத்த அந்தச் சபை என்ன செய்தது? இது யார் பாவத்தால் வருகிறது என்று விசாரித்ததாக அங்கே எழுதியில்லை. முடிவு காலம் எத்தனை வருஷத்தில் என்று கணக்குப் போட்டதாகவும் இல்லை. அவரவர் தங்கள் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து, யூதேயாவில் இருந்த சகோதரருக்குப் பர்னபா, சவுல் கையில் கொடுத்தனுப்பினார்கள்.